பெட்டி கொஞ்சம் பெரிசாயே இருக்கட்டும்

"ஹோல் ரீவியோட ஒரு கொம்பியூட்டரை நிரந்தரமாக் கொழுவி வைக்கப்போறம், என்ன வேண்டலாம்?" என்று ஆராவது கேட்டால், எங்கட வட்டத்தில் உடனே தொடங்குவது ப்ரொசெசர் கதைதான். ஐ3 காணுமா, ஐ5 வேணுமா, ரைசன் நல்லதா, ராம் எத்தனை ஜீபி. அரை மணித்தியாலம் அதிலேயே போய்விடும். கடைசியாகக் கேசிங் என்று வரேக்க, "அது ஏதாவது சின்னதாப் பாத்து எடுங்கோவன்" என்று முடிச்சிடுவினம். நாங்கள் இதைத் தலைகீழாகச் சொல்ல விரும்புகிறோம். படம் பார்க்கிறதுக்கென்று ஹோலில் வைக்கிற கொம்பியூட்டரில் முதலில் தெரிவு செய்யவேண்டியது கேசிங். மற்றதெல்லாம் அதுக்குள்ள அடங்கவேண்டிய சாமான்கள். அதோட, சின்னது எல்லாம் நல்லது என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

ஸ்மார்ட் ரீவி இருக்கேக்க ஏன் தனியாக ஒரு கொம்பியூட்டர் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டுப் போவோம். ரீவியின் மென்பொருளை அதைச் செய்த கொம்பனி சில வருசத்தில் கைவிட்டுவிடும். திரை நல்லாத்தான் இருக்கும், மூளை கிழடு தட்டிப்போகும். அதைவிடப் பெரிய காரணம் எங்களுக்குத் தமிழ். சிங்களப் படம் ஒன்றையோ மலையாளப் படம் ஒன்றையோ தமிழ் உபதலைப்போடு வீட்டில் அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டுவதென்றால் எழுத்து எழுத்தாகத் தெரியவேண்டும். பல ரீவிகளின் உள்ளே இருக்கிற பிளேயரில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிஞ்சு நிக்கும். கொம்பியூட்டரில் எம்.பி.வி. மாதிரியான ஒரு பிளேயரைப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. தமிழ் போன்ற எழுத்துக்களைச் சேர்த்து வடிவமைக்கிற வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. நாங்களே எடுத்த குறும்படங்கள், வீட்டுக்காரர் பேசப்பேசப் பதிஞ்ச வீடியோக்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பதும் இருக்கு.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

"மச்சான், மேல ஃபான் சுத்துது, ரோட்டில ஓட்டோ போகுது, பக்கத்து வீட்டு நாய் குரைக்குது. இதுக்குள்ள பெட்டியின்ர சத்தம் ஆருக்குக் கேக்கப்போகுது?" நியாயமான கேள்விதான். எங்கட வீடுகள் யன்னல் திறந்த வீடுகள். ஆனால் காது சத்தத்தின் அளவை மட்டும் பார்ப்பதில்லை. சீலிங் ஃபானின் சத்தம் தாழ்ந்தது, சீரானது. பத்து நிமிசத்தில் மூளை அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். 40 மில்லிமீற்றர் அகலமான ஒரு குட்டி ஃபான் நிமிடத்துக்கு 5000 தரம் சுற்றும்போது வருவது, நுளம்பு காதுக்குக் கிட்ட வந்த மாதிரியான கீச்சுச் சத்தம். அதுவும் ஒரே சீராக வராது. ப்ரொசெசர் சூடாகக் கூடும், ஆறினால் குறையும், திரும்பக் கூடும். ஏறி இறங்குகிற சத்தத்தைக் காது விடவே விடாது. மார்கழி மழை இரவிலோ, ஹற்றன், நுவரெலியாப் பக்கத்து வீடுகளிலோ சீலிங் ஃபானும் இல்லை. அப்ப அந்தப் பெட்டி மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கும்.

பிரசன்ன விதானகேயின் 'புர ஹந்த களுவர'வை எடுங்கோ. 1997இல் எடுத்த படம். போரில் செத்ததாகச் சொல்லப்படுகிற மகனின் சீல் வைத்த சவப்பெட்டி வீட்டுக்கு வருகிறது; கண் தெரியாத தகப்பன் அதை நம்ப மறுக்கிறார். 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் திரையிட விடாமல் நிறுத்த, உயர் நீதிமன்றம் வரை போய், 2001இல்தான் தடை நீங்கியது. படத்தில் பேச்சுக் குறைவு. வறண்ட நிலமும் கிழவரின் மௌனமும்தான் படத்தைக் கொண்டுபோகிறது. வழக்காடி மீட்ட அந்த மௌனத்துக்கு மேல ஒரு நுளம்பு ஃபானைப் போட்டுக்கொண்டு பார்ப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அடிதடிப் படம் மட்டும் பார்க்கிற வீட்டுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை என்றும் சொல்லிவைக்கிறோம்.

சின்னப் பெட்டி ஏன் கத்துது என்பதற்குக் காரணம் சிம்பிள். உள்ளே உண்டாகிற சூடு முழுக்க வெளியே போகவேண்டும். அதைக் கொண்டுபோவது காற்று. ஒரே வடிவமான இரண்டு ஃபான்கள் ஒரே வேகத்தில் சுற்றினால், தள்ளுகிற காற்றின் அளவு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். அதாவது 120 மில்லிமீற்றர் ஃபான், 40 மில்லிமீற்றர் ஃபானை விட மூன்று மடங்கு அகலம், ஆனால் காற்று 27 மடங்கு. குட்டி ஃபான் இந்த வித்தியாசத்தை ஈடுசெய்யிறதுக்கு வேகமாகச் சுற்றித்தான் ஆகவேணும். வேகம் இரட்டித்தால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் கூடும் என்பது பொறியியலாளர் வைத்திருக்கிற ஒரு கைக்கணக்கு. 10 டெசிபெல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படும். ஆகவே 120 அல்லது 140 மில்லிமீற்றர் ஃபான் ஒன்று நிமிடத்துக்கு 700, 800 சுற்றில் சோம்பேறித்தனமாகச் சுற்றுகிற பெட்டிதான் அமைதியான பெட்டி. அந்த அளவு ஃபானுக்கு இடம் இல்லாத கேசிங்கை, அது எவ்வளவு வடிவாக இருந்தாலும், நாங்கள் வேண்டச் சொல்ல மாட்டோம்.

இங்கே வெளிநாட்டு ரிவியூக்களைப் பார்த்து மயங்கக்கூடாத ஒரு விசயமும் இருக்கு. அவை பெரும்பாலும் 21, 22 பாகை அறைகளில் சோதித்தவை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பின்னேரத்தில் ஹோல் 31 பாகையில் நிக்கும், சித்திரையில் அதுக்கும் மேல. சூடு வெளியேறுவது உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பொறுத்தது. ப்ரொசெசரை 75 பாகைக்கு மேல விடக்கூடாது என்று வைத்துக்கொண்டால், அங்கே 54 பாகை வித்தியாசம் கிடைக்கிறது, எங்களுக்கு 44தான். அந்தக் கணக்கில் "65 வொட் தாங்கும்" என்று எழுதிய பெட்டி எங்கட ஹோலில் ஏறத்தாழ 53 வொட்டைத்தான் தாங்கும். அதே ஃபான் இங்கே இன்னும் வேகமாகச் சுத்தும். அங்கே "சத்தமே இல்லை" என்று ஐந்து நட்சத்திரம் வாங்கின பெட்டி இங்கே சத்தம் போடுவதில் அதிசயம் இல்லை.

அப்ப முதல் வேலை, சூட்டையே குறைப்பது. படம் பார்க்கத் தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் தேவையே இல்லை. இன்ரெலின் 7ஆம் தலைமுறையில் இருந்து ப்ரொசெசருக்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் பகுதி 10 பிட் எச்.ஈ.வி.சி. வீடியோவைத் தானே அவிழ்க்கும். 11ஆம் தலைமுறையில் இருந்து ஏ.வி.1ஐயும் அவிழ்க்கும். ப்ரொசெசரின் முக்கிய பகுதி கையைக் கட்டிக்கொண்டு இருக்கும். 2023இல் வந்த என்100 என்ற குட்டிச் சில்லுக்கு இன்ரெல் குறிச்சிருக்கிற அளவு 6 வொட்தான், 4கே படத்துக்கு அது காணும். ஆராவது "எதுக்கும் ஒரு கார்ட் போட்டு வைப்பம், பிறகு கேம் விளையாடலாம்" என்றால், அது வேறு கொம்பியூட்டர், வேறு அறை. இரண்டையும் ஒரே பெட்டியில் செய்யப் போனால் 150, 200 வொட் சூட்டை ரீவிக்குக் கீழே வைத்துக்கொண்டு அமைதியை எதிர்பார்க்கவேண்டி வரும்.

இனி அளவுகள். சின்னப் பெட்டி உலகத்தின் அடிப்படை மினி ஐ.ரி.எக்ஸ். மதர்போர்ட்: 170க்கு 170 மில்லிமீற்றர், 2001இல் வியா கொம்பனி கொண்டுவந்தது. அதற்கு அடுத்தது மைக்ரோ ஏ.ரி.எக்ஸ்., ஆகப் பெரியது 244க்கு 244. படத்தில் பார்க்க மினி ஐ.ரி.எக்ஸ். கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே கடைகளில் அது குறைவு, இருந்தாலும் அதே வசதியுள்ள மைக்ரோ ஏ.ரி.எக்ஸ். போர்டை விட விலை கூட. கேசிங்குக்குள் போகிற சின்னப் பவர் சப்ளையும் தனி அளவு, எஸ்.எஃப்.எக்ஸ். என்பார்கள், அது பழுதானால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கவேணும், வவுனியாவில் அல்லது கல்முனையில் இருக்கிறவருக்கு அது ஒரு நாள் பயணம். சாதாரண அளவு பவர் சப்ளை என்றால் ஊர்க் கடையிலேயே மாத்திக்கொள்ளலாம். அமைதி என்று பேசுகிறபோது இதையும் சேர்த்துத்தான் பேசவேண்டும், பழுதாகிக் கிடக்கிற பெட்டி அமைதியாக இருந்து பிரயோசனம் இல்லை.

ஃப்ராக்டல் டிசைனின் நோட் 202 இந்த வகையில் ஒரு நல்ல பாடம். 10.2 லீற்றர், உயரம் 82 மில்லிமீற்றர், ரீவிக்குக் கீழே கிடத்தி வைத்தால் பழைய வி.சி.ஆர். மாதிரி இருக்கும். வடிவான பெட்டி. ஆனால் ப்ரொசெசருக்கு மேலே வைக்கிற குளிரூட்டியின் உயரம் 56 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. நொக்டுவாவின் என்.எச்-எல்9 வகை மாதிரி 37 மில்லிமீற்றர் உயரமான தட்டைக் குளிரூட்டிகள் அதுக்குள் போகும், அவற்றின் ஃபான் 92 மில்லிமீற்றர். 35 வொட் ப்ரொசெசருக்கு அது தாராளம். 65 வொட்டுக்கு மேல போனால் எங்கட வெக்கையில் அது மூச்சுவாங்கத் தொடங்கும். அதே பெட்டியை இன்னும் மூன்று நாலு சென்ரிமீற்றர் உயர்த்திச் செய்திருந்தால் பெரிய குளிரூட்டி, மெதுவான ஃபான், பாதி விலைப் பாகங்கள் எல்லாம் போயிருக்கும். ரீவி ஸ்ராண்டில் அந்த நாலு சென்ரிமீற்றரை ஆர் அளக்கப்போகினம்? சில்வர்ஸ்டோனின் கிராண்டியா வரிசை அந்த வழியில் போனது: பழைய கால அம்பிளிஃபயர் மாதிரி அகலமான, படுக்கையான பெட்டி, 120 மில்லிமீற்றர் ஃபான்களுக்கு இடம். சின்னது என்று ஒருத்தரும் சொல்லமாட்டினம், ஆனால் அமைதிக்கு இதுவே சரியான திசை. ஆகச் சின்னப் பெட்டியைத் தேடுகிற பழக்கம் போட்டோ எடுத்துப் போடுகிறவர்களின் பழக்கம் என்பது எங்கட அபிப்பிராயம்.

ஃபானே இல்லாத பெட்டிகளும் இருக்கு. ஸ்ட்ரீகொம், எச்.டி.பிளெக்ஸ், அக்காசா போன்றவை செய்கின்றன. பெட்டியின் அலுமினியச் சுவரே குளிரூட்டி. ப்ரொசெசரில் இருந்து செப்புக் குழாய்கள் சூட்டைப் பக்கச் சுவருக்குக் கொண்டுபோகும். சத்தம் பூச்சியம். புழுதியும் உள்ளே இழுபடாது. ஆசைதான். ஆனால் அலுமினியக் கட்டி என்பதால் பாரம், பாரம் என்பதால் அனுப்புகூலி, அதுக்கு மேல சுங்கம். 2022இல் டொலர் 200 ரூபா சொச்சத்தில் இருந்து 350க்கு மேல பாய்ந்த பிறகு வெளியில் இருந்து எடுப்பிக்கிற கேசிங் ஒன்றின் விலை, உள்ளே போகிற எல்லாச் சாமான்களின் விலையையும் தாண்டிவிடலாம். 6 வொட், 15 வொட் சில்லுகளுக்கு ஃபான் இல்லாத பெட்டி எங்கட நாட்டுச் சூட்டிலும் நல்லா வேலை செய்யும். 65 வொட்டுக்கென்று வேண்டுவதென்றால் ஒருக்காவுக்கு இரண்டு தரம் யோசியுங்கோ, மேலே சொன்ன 53 வொட் கணக்கு இங்கேதான் கடிக்கும்.

குறைந்த வொட்டுக்கு வேறு ஒரு லாபம் இருக்கு. அதே 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டு வந்தது ஒருத்தருக்கும் மறந்திருக்காது. 20, 25 வொட்டில் ஓடுகிற பெட்டியைச் சின்ன யூ.பி.எஸ். ஒன்று படத்தை ஒழுங்காக நிறுத்தி அணைக்கும் வரைக்குமாவது தாங்கும், 200 வொட் பெட்டியைத் தாங்காது. (யூ.பி.எஸ்ஸின் பீப் சத்தத்தை நிறுத்துகிற வழியைக் கடையிலேயே கேட்டு வையுங்கோ. அமைதியான கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் கத்துகிற யூ.பி.எஸ். ஒரு தனிப் பகிடி.)

ரிவியூக்களில் எழுதாத எதிரிகள் எங்கட வீட்டில் இருக்கினம். முதலாவது பல்லி. பின்பக்கம் மூடப்படாத ஒரு சின்னத் துவாரம் போதும், சூடான இடம் தேடி உள்ளே போய், பவர் சப்ளையில் தானும் செத்து அதையும் சாகடிக்கும். எறும்பும் அப்படித்தான். கேசிங் பார்க்கேக்க பின்பக்கத்தைத் திருப்பி, பாவிக்காத கார்ட் துவாரங்களுக்குத் தகடு இருக்கா என்று பாருங்கோ. இரண்டாவது புழுதி. சோழகம் வீசுகிற மாதங்களில் யாழ்ப்பாணத்துச் செம்மண் வீட்டுக்குள் வந்து படிகிறது எல்லாருக்கும் தெரியும். கழற்றிக் கழுவக்கூடிய வலை காற்று உள்ளே போகிற பக்கத்தில் கட்டாயம் இருக்கவேண்டும். வலை அடைபட்டாலும் ஃபான் வேகம் கூடும், குளிரூட்டியில் புழுதி படிஞ்சாலும் கூடும், இரண்டும் கடைசியில் சத்தம்தான். மூன்றாவது எதிரி பின்னல் துணி. மேல்பக்கம் தட்டையான எந்தச் சாமானைக் கண்டாலும் அம்மாமார் அதுக்கு ஒரு பின்னல் துணி விரிச்சு, மேல ஒரு பூச்சாடியோ கலியாண அல்பமோ வைப்பினம். இதை மாற்ற ஏலாது, மாற்ற முயலவும் வேண்டாம். காற்று மேல்பக்கத்தால் வெளியேறுகிற கேசிங்கை விட்டுவிட்டு, பக்கத்தாலும் பின்னாலும் வெளியேறுகிறதை எடுத்தால் வீட்டில் சமாதானம்.

கடைகளில் இப்ப முன்னுக்கு நிற்பதெல்லாம் கண்ணாடிப் பக்கமும் வண்ண லைற்றும் போட்ட பெட்டிகள். கேம் விளையாடுகிறவர்கள் வேண்டுவதால் அவர்கள் அதை விற்கிறார்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இருட்டாக்கின ஹோலில் திரைக்குக் கீழே மயில் ஆடக்கூடாது. மெல்லிய கண்ணாடிக்குப் பதில் தடித்த இரும்புத் தகடு உள்ள பெட்டி அதிர்வைக் குறைக்கும். நீல நிறப் பவர் லைற்றுக்குக் கறுப்பு இன்சுலேசன் ரேப் ஒரு துண்டு காணும்.

ஹார்ட் டிஸ்க் சத்தத்தைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. சுற்றுகிற டிஸ்க் பலகை ஸ்ராண்டை மேளமாக்கும். உள்ளே எஸ்.எஸ்.டி. மட்டும் போட்டுவிட்டு, படங்கள் நிறைந்த பெரிய டிஸ்கைப் பார்க்கேக்க மட்டும் வெளியால் கொழுவுங்கோ, அல்லது ஒரு ஸ்பொஞ்ச் துண்டுக்கு மேலே வையுங்கோ.

காசு இல்லாதவருக்கு என்ன வழி என்பதுதான் எங்களுக்கு முக்கியமான கேள்வி. அலுவலகங்கள் கழித்துவிட்ட ஒரு லீற்றர் பெட்டிகள், டெல் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்சென்ரர் ரைனி, எச்.பி. எலைட்டெஸ்க் மினி போன்றவை, இரண்டாம் கையாகக் கிடைக்கின்றன. மேலே நாங்கள் சொன்ன எல்லா நியாயத்துக்கும் எதிரான அளவு அவை, ஃபானும் சின்னதுதான். ஆனாலும் 35 வொட் ப்ரொசெசர் போட்டு, 7ஆம் தலைமுறைக்குப் பிந்தியதாக எடுத்தால், படம் ஓடுகிறபோது அவை பெரும்பாலும் பாதித் தூக்கத்தில் இருப்பதால் சத்தம் தாங்கக்கூடியது. உள்ளே புழுதியைத் துப்புரவாக்கி, காய்ஞ்சுபோன வெப்பப் பசையை மாற்றினால் இன்னும் குறையும். கேசிங் தெரிவு செய்யிற வேலையும் மிச்சம்.

அதையும் விட மலிவான வழி, பெட்டியை ஹோலில் வைக்காமலே விடுவது. ஏற்கனவே வீட்டில் ஒரு பெரிய ரவர் கேசிங் கிடந்தால் அதைப் பக்கத்து அறையில் வைத்து, 10 மீற்றர் எச்.டி.எம்.ஐ. வயரைக் கதவு இடுக்கால் கொண்டுவாங்கோ. 1080பி படத்துக்குச் சாதாரண வயர் அந்தத் தூரத்தைப் பெரும்பாலும் தாங்கும். 4கே என்றால் 5 மீற்றருக்கு மேல சந்தேகம்தான், விலை கூடின ஒளியிழை வயர் தேவைப்படும். வாடகை வீட்டில் சுவரில் ஓட்டை போட விடமாட்டினம், கதவு இடுக்குக்கு ஒருத்தரும் வாடகை கேட்பதில்லை.

சனசமூக நிலையத்திலோ வாசிகசாலையிலோ புரொஜெக்டர் போட்டுப் படம் காட்டுகிற நண்பர்களுக்கு மட்டும் நாங்கள் வேறு மாதிரிச் சொல்வோம். அந்தப் புரொஜெக்டரின் சொந்த ஃபானே பெரும்பாலும் எந்த நல்ல கேசிங்கையும் விடச் சத்தம். அமைதியான பெட்டிக்கு வைத்திருக்கிற காசை ஸ்பீக்கருக்குப் போடுங்கோ. புரொஜெக்டரை ஆக்களுக்குப் பின்னால் உயர்த்தி வையுங்கோ.

வீட்டுக்கு வேண்டப் போகிறவர்கள், கடைக்குப் போக முதல் ரீவி ஸ்ராண்டின் தட்டை அளந்துகொண்டு போங்கோ. அகலம், ஆழம், உயரம் மூன்றும். பின்பக்கம் வயருக்கும் காற்றுக்கும் 10 சென்ரிமீற்றர், மேலே குறைந்தது 5 சென்ரிமீற்றர் கழித்துவிட்டு, மிச்சம் இருக்கிற இடத்தில் போகக்கூடிய ஆகப் பெரிய பெட்டியைக் கேளுங்கோ. கடைக்காரர் "இதை விடச் சின்னது இருக்கு" என்று கட்டாயம் காட்டுவார்.